மேடை கோணலா?

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதைச் சொல்லி நகைப்போர் பலர். ஆயின் அந்த மேடையை ஒரு தடவையேனும் அளந்து பார்த்தவர் ஒருவருமில்லை. மேடை உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு நாம் இத்தனை காலமும் இழைத்தது அநீதியல்லவா? ஆகையால், இவ்வாரம் ஒரு மேடையை எடுத்து நீர்மட்டம் வைத்துப் பார்ப்பதென்று தீர்மானித்துள்ளோம்.

நாம் கூறும் மேடை பலகையாலானதன்று, கணினிக்குள் இருப்பது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இன்று பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகள் அநேகர். ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, ஒரு ஹெட்போன். இவ்வளவும் இருந்தால் படுக்கையறையே ஒலிப்பதிவுக் கூடமாகி விடுகின்றது. கோவில் திருவிழாவுக்கான பக்திப் பாடல், தேவாலயப் பாடகர் குழுவின் நத்தார்ப் பாடல், நண்பன் எடுக்கும் குறும்படத்துக்கான பின்னணி இசை என்று வேலைக்கும் குறைவில்லை. பாராட்டத் தக்க முயற்சிதான்.

ஆனால், இந்தப் பிள்ளைகளிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. எந்த மென்பொருளில் ஒலி நன்றாக இருக்கும் என்பதே அது. ‘கியூபேஸில் செய்தால் ஒலிக்குக் கனதி உண்டு’ என்பான் ஒருவன். ‘லாஜிக்கில்தான் தெளிவு’ என்பாள் மற்றொருத்தி. ‘புரோ டூல்ஸ் இல்லாதவன் தொழில்காரனே அல்லன்’ என்பது மூன்றாமவரின் தீர்ப்பு. எஃப்.எல். ஸ்டூடியோ வைத்திருக்கும் பையனோ, தன் பாட்டு மெலிந்து ஒலிப்பதற்கு அந்த மென்பொருளே காரணம் என்று நம்பி மனம் உடைந்து போகின்றான். பிறகு வழக்கு வீட்டுக்கு வருகின்றது. ‘அப்பா, அதை வாங்கித் தாருங்கள்.’

இவை டொலரில் விற்கப்படும் பண்டங்கள். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு நடுப்பகுதிக்குள் 350 ரூபாவையும் கடந்தது யாவருக்கும் நினைவிருக்கும். வீட்டுச் செலவையே எண்ணி எண்ணிச் செய்யும் பெற்றோர், பிள்ளையின் ஆசைக்காக ஒரு பெருந்தொகையைக் கொடுக்குமுன், ‘இதனால் ஒலி உண்மையில் திருந்துமா?’ என்று அறிய விரும்புவது நியாயமே. அதற்குரிய விடையைத் தேடுவோம்.

எல்லோருக்கும் ஒரே கூட்டல்

ஒலி காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அதை மின்னலையாக மாற்றுகின்றது. கணினி அந்த மின்னலையைச் சிறுசிறு கணங்களில் அளந்து எண்களாக எழுதிக் கொள்கின்றது. 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை இந்த அளவு எடுக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றில் அமைகின்றது. இதையே 16 பிட் என்பர். மனிதச் செவி கேட்கக்கூடிய அதிர்வு, செக்கனுக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 வரை. ஓர் அலையைப் பிசகின்றி மீட்டெடுக்க, அதன் அதிர்வைப் போல இரு மடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அளந்தால் போதும் என்பது விஞ்ஞானிகள் நிறுவிய உண்மை. ஆகவே, குறுந்தட்டின் கணக்கு நமது செவிக்குப் போதுமானது.

இது வெறும் ஏட்டுக் கணக்கா என்று ஐயுறுவோருக்கு ஒரு சோதனையைக் கூறுவோம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மேயர், மொரான் என்னும் இருவர் நடத்தி 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. உயர்தரப் பதிவு ஒன்றை நேராகவும், அதையே குறுந்தட்டின் அளவுக்குக் குறைத்தும், எது எதுவென்று சொல்லாமல் கேட்போருக்கு மாறி மாறி ஒலிக்கச் செய்தார்கள். மொத்தம் 554 தடவைகள். சரியாகச் சொன்னது 276 தடவைகள். நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் கிடைத்திருக்கும்.

இனி, மென்பொருள் செய்யும் வேலை என்ன? பாடகியின் குரல் ஒரு வரிசை எண்கள்; மிருதங்கம் ஒரு வரிசை; வயலின் ஒரு வரிசை. இவற்றை ஒன்றாகக் கலப்பது என்றால், கூட்டுவது. ஒன்றின் சத்தத்தைக் குறைப்பது என்றால், பெருக்குவது. புறக்கோட்டைக் கடையொன்றின் கணக்கைக் கணக்கப்பிள்ளைகள் நால்வரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் பழைய பேரேட்டில் எழுதுவார். ஒருவர் கணிப்பொறியைத் தட்டுவார். ஒருவர் மனத்துக்குள்ளேயே கூட்டுவார். ஆயிரத்தையும் இருநூற்றைம்பதையும் கூட்டினால் நால்வருக்கும் ஆயிரத்து இருநூற்றைம்பதுதான். தோல் அட்டை போட்ட பேரேட்டில் எழுதியதற்காகத் தொகை கூடப் போவதில்லை. இன்றைய மென்பொருள்களோ 16 பிட்டைவிட மிக நுண்ணிய 32 பிட், 64 பிட் கணக்கிலேயே கூட்டுகின்றன. அவற்றிடையே கடைசி இலக்கத்தில் வேற்றுமை தோன்றினாலும், அது இலட்ச ரூபாக் கணக்கில் சதத்தின் ஒரு துணுக்குப் போன்றது. செவிக்கு எட்டாது.

நீர்மட்டம் வைத்துப் பார்த்தல்

நம் சொல்லை நம்ப வேண்டியதில்லை. மாணவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பாட்டின் பதிவுகளை இரண்டு மென்பொருள்களில் இட்டு, எதையும் மாற்றாமல், ஒரே அளவில் கலந்து, இரண்டு கோப்புகளாக வெளியே எடுங்கள். பிறகு அவ்விரண்டையும் ஒரே மென்பொருளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பிவிடுங்கள். மேலெழும் இடத்தில் அது கீழிறங்கும். கீழிறங்கும் இடத்தில் மேலெழும். இப்போது இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். இரண்டும் ஒன்றேயாயின் ஒன்றையொன்று அழித்துப் பூரண நிசப்தம் உண்டாகும். வேற்றுமை ஏதும் இருந்தால் அந்த வேற்றுமை மாத்திரம் கேட்கும். கவனமாகச் செய்தவர்களுக்குக் கிடைத்தது நிசப்தமே. அல்லது எவர் செவிக்கும் எட்டாத மிகச் சிறிய மிச்சம்.

அப்படியானால், ‘நான் என் காதாலேயே வேற்றுமையைக் கேட்டேனே’ என்பவர்கள் பொய் சொல்கின்றார்களா? இல்லை. அவர்கள் கேட்டது மெய்; காரணம் சொன்னதுதான் பிழை.

ஒரு குரலை நட்ட நடுவில் வைத்தால் அதன் அளவைச் சிறிது தணிப்பது மென்பொருள்களின் வழக்கம். சிலவற்றில் 3 டெசிபல் தணியும். சிலவற்றில் நாலரை, சிலவற்றில் 6. சிலவற்றில் தணியாமலே இருக்கும். வேண்டியபடி மாற்றிக்கொள்ள இடமுண்டு. ஆயினும் மாற்றுவோர் சிலரே. எஃப்.எல். ஸ்டூடியோவைத் திறந்தவுடன் வரும் தொடக்க அமைப்பில், சத்தம் எல்லை மீறாமல் அமுக்கிப் பிடிக்கும் ‘லிமிட்டர்’ என்னும் கருவி முன்கூட்டியே பொருத்தப்பட்டிருப்பதுண்டு. அது இருப்பதை அறியாத பையன், தன் பாட்டு வேறுவிதமாக ஒலிக்கின்றது என்று மென்பொருளையே நோகின்றான். வேறு சில மென்பொருள்கள், உள்ளே வரும் பாட்டைத் தாம் வைத்திருக்கும் வேகத்துக்கு ஏற்றவாறு இழுத்தோ சுருக்கியோ விடும்.

செவியின் இயல்பு மற்றொரு காரணம். சத்தத்தின் அளவு மாறும்போது, தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் செவி உணரும் விதமும் மாறுகின்றது என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933 ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினர். ஒலி ஒரேயொரு டெசிபல் கூடினால், ‘சத்தம் கூடிவிட்டது’ என்று நாம் சொல்வதில்லை. ‘இது நன்றாக இருக்கின்றதே’ என்று சொல்கின்றோம். இரண்டு மென்பொருள்களை ஒப்பிடும்போது அளவு சமமாக இல்லையென்றால், அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லவே கூடாது.

விதிவிலக்குகளும் உண்டு, அவற்றை மறைப்பது முறையன்று. ஹரிசன் நிறுவனத்தின் மிக்ஸ்பஸ் என்னும் மென்பொருள், பழைய கலவை மேசைகளின் சாயல் வர வேண்டுமென்றே செய்யப்பட்டது. பாட்டின் வேகத்தை மாற்றும்போதும், 48,000 அளவுப் பதிவை 44,100 ஆக்கும்போதும், எம்.பி.3 ஆகச் சுருக்கும்போதும், எதிரொலி சேர்க்கும்போதும் ஒரு மென்பொருளுக்கும் மற்றொன்றுக்கும் திறமையில் வேற்றுமை இருக்கவே செய்கின்றது. எனினும், வெறுமனே பதிந்து கலக்கும் வேலையில் மேடை நேராகவே இருக்கின்றது.

மேடையிலே கீறிய கோடுகள்

நிற்க. மேடை நேர் என்று கண்டவுடன் வழக்கு முடிந்ததென்று எண்ணிவிடலாகாது. அந்த மேடையின் மேல் யாரோ முன்கூட்டியே கோடுகள் கீறி வைத்திருக்கின்றார்கள். ஆடுபவள் தன்னையறியாமல் அந்தக் கோட்டின் வழியே கால் வைக்கின்றாள். நம்முடைய சங்கீதத்துக்கு மென்பொருளால் வரக்கூடிய ஆபத்து இதில்தான் இருக்கின்றது.

1997 ஆம் ஆண்டில் ‘ஒட்டோ டியூன்’ என்னும் கருவி வெளிவந்தது. அதை ஆக்கியவர், அதற்குமுன் பூமிக்கடியில் எண்ணெய் இருக்குமிடத்தை அதிர்வலைகளைக் கொண்டு கண்டறியும் கணக்குகளில் ஈடுபட்டிருந்த ஓர் அமெரிக்கர். சுருதி விலகிய குரலை இழுத்துப் பன்னிரண்டு நிலையான இடங்களுள் ஒன்றில் நிறுத்துவது இக்கருவியின் இயல்பு. மேல்நாட்டுப் பாட்டுக்கு அது உதவலாம். தோடி இராகத்தின் காந்தாரத்தை அதனிடம் கொடுத்தால் என்னாகும்? அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அதன் அசைவே அதன் உயிர். கருவியோ கமகத்தைக் குற்றமென்று கருதி, ஆடிக்கொண்டிருக்கும் சுவரத்தைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்திவிடுகின்றது. எஞ்சுவது தோடியின் எலும்புக்கூடு. பண்ணோடு தேவாரம் பயின்ற பிள்ளை பாடிய பாட்டு, ஆர்மோனியக் கட்டையை அமுக்கினாற்போல் வெளியே வருகின்றது. இக்கருவியை மெல்லப் பயன்படுத்தவும் முற்றாக நிறுத்தி வைக்கவும் வழியுண்டு. ஆனால், பிழை திருத்தம் என்ற பெயரில் அது தானே இயங்கினால், பிழையல்லாததும் திருத்தப்பட்டு விடுகின்றது.

தாளத்திலும் இதே கதைதான். மென்பொருளைத் திறந்தவுடன் பெரும்பாலும் நாலு நாலாக வெட்டிய கட்டங்களும், நிமிடத்துக்கு 120 என்ற வேகமும் நம்மை வரவேற்கின்றன. ஆதி தாளம் அதில் ஒருவாறு அடங்கிவிடும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு வேண்டுமாயின் அமைப்பை நாமே மாற்ற வேண்டும். விருத்தத்துக்கோ தாளமே கிடையாது. அதைக் கட்டத்துக்குள் அடைப்பது ஆற்றைப் பெட்டிக்குள் அடைப்பதற்கு ஒப்பாகும். ஆயினும், கண்முன்னே கட்டம் இருக்கும்போது அதை மீறிப் பாட எத்தனை பிள்ளைகளுக்குத் துணிவு வரும்?

இன்னொன்று பல குடும்பங்கள் நேரிலே கண்டது. 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் வீடுகள் அடைபட்டபோது, சங்கீத வகுப்புகள் ‘சூம்’ செயலிக்குள் குடிபுகுந்தன. கொழும்பிலிருக்கும் ஆசிரியையிடம் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பிள்ளைகள் பாடம் கேட்டனர். சுருதிப் பெட்டியைப் போட்டால் மறுபக்கத்தில் அது சிறிது நேரம் கேட்டுப் பின் மறைந்துவிடும். காரணம் யாதெனில், இடைவிடாது ஒரே சீராக வரும் ஒலியை மின்விசிறியின் இரைச்சலென்று கருதி அச்செயலி நீக்கிவிடுகின்றது. பேச்சுக்கு அது பேருபகாரம். நமது சங்கீதத்துக்கோ ஆதாரத்தையே அகற்றும் காரியம். ‘மூல ஒலி’யை அப்படியே அனுப்பும் வழி அதே செயலியில் இருக்கின்றது. அதைத் தேடித் திறந்தவர்கள் சுருதியோடு பாடினார்கள்.

அறை, கை, செவி

அப்படியானால் ஒலியின் தரம் எதில் தங்கியிருக்கின்றது? முதலில் அறையில். ஊரடங்கிய இரவில் கதவடைத்த வீட்டறையில்கூட ஏறக்குறைய 30 டெசிபல் அளவு இரைச்சல் இருக்கும். ஒலிவாங்கியின் அருகே நின்று உரத்துப் பாடும் குரலை 90 என்று கொண்டால், இடைவெளி 60 டெசிபல். குறுந்தட்டின் 16 பிட் ஏற்கக்கூடிய இடைவெளியோ 96. கருவி கொடுக்கும் இடம் முழுவதையும் நமது அறையே நிரப்ப முடியாதிருக்கும்போது, அதனினும் பெரிய பாத்திரம் தேடி அலைவானேன்? பகற்பொழுதில் காலி வீதியின் பேருந்தும், கரையோரப் புகையிரதமும், முச்சக்கர வண்டியும், காகமும் சேர்ந்துகொண்டால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கிவிடும். எந்த விலையுயர்ந்த மென்பொருளும் புகையிரதத்தை நிறுத்தப் போவதில்லை. அதிகாலையில் எழுந்து, மின்விசிறியை நிறுத்தி, சேலைகள் தொங்கும் அலுமாரியைத் திறந்து வைத்து, அதை நோக்கிப் பாடினால் சுவரின் எதிரொலி பெரிதும் அடங்கும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது கையும் செவியும். பீட்டில்ஸ் குழுவினர் 1967 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது புகழ்பெற்ற ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டை நான்கு தடங்கள் மாத்திரமே கொண்ட நாடா யந்திரங்களில் பதிந்தனர். ஏ. ஆர். ரஹ்மான் 1989 ஆம் ஆண்டில் கோடம்பாக்கத்தில் தமது வீட்டோடு சேர்த்து ஒரு கூடம் அமைத்தார். 1992 ஆம் ஆண்டில் ‘ரோஜா’வின் பாடல்களைக் கேட்ட தமிழுலகம் அந்த ஒலியின் தெளிவைக் கண்டு வியந்தது. அவர் பிற்காலத்தில் லாஜிக் மென்பொருளைக் கையாண்டார் என்பதால், அதை வாங்கினால் அவ்வொலியும் வந்துவிடுமென்று எண்ணும் இளைஞர் பலர். ஆனால், ‘ரோஜா’க் காலத்துக் கணினிகளின் ஆற்றல், இன்று இப்பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் தொலைபேசிக்கு உறைபோடக் காணாது. அன்று வேலை செய்தவை இசையமைப்பாளரின் கற்பனையும், 2008 ஆம் ஆண்டில் மறைந்த எச். ஸ்ரீதரைப் போன்ற ஒலிப்பதிவாளர்களின் செவியுமே. அண்மைக் காலத்தில் பில்லி ஐலிஷ் என்னும் இளம்பெண்ணும் அவரது தமையனும் லொஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர் வீட்டின் படுக்கையறையில் பதிந்த பாடல்கள், 2020 ஆம் ஆண்டில் கிராமி விருது பெற்றன.

நம் ஊரையே பார்ப்போம். கொழும்பில் 1925 ஆம் ஆண்டு டிசம்பரில் ஆரம்பித்த வானொலி, பின்னர் இலங்கை வானொலியாகி, கடல் கடந்து தமிழகத்து வீடுகளையும் வசப்படுத்தியது. சிற்றலையில் சென்ற அந்த ஒலியில், சுமார் 5,000 அதிர்வுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வெட்டுண்டு போயின, இரைச்சல் வேறு. 1975 ஆம் ஆண்டில் மறைந்த அளவெட்டித் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை இன்றும் ரசிகர்கள் நாடாப் பதிவுகளின் இரைச்சலோடு கேட்டு உருகுகின்றனர். இதனால் நல்ல கருவி வேண்டாமென்பது நமது கருத்தன்று. அந்த மேதையை இன்றைய கருவி ஒன்றினால் பதிந்து வைத்திருக்கக் கூடாதா என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கவே செய்கின்றது. கருவி இல்லாதபோது கலை இருந்தது; இன்று கருவி கையில் வந்துவிட்டது. அதைக்கொண்டு எதைப் பதியப் போகின்றோம் என்பதே இப்போதைய கேள்வி.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

ஆகவே, பெற்றோருக்கு நாம் கூறுவது இது. ஒலி திருந்தும் என்ற ஒரே காரணத்துக்காக மென்பொருளை மாற்றப் பணம் செலவிட வேண்டாம். பணம் இருந்தால் ஒரு நல்ல ஒலிவாங்கிக்கோ, அதைவிட மேலாக ஒரு நல்ல ஆசிரியருக்கோ கொடுங்கள். ஓடாசிட்டி போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ரீப்பர் என்பது தனியாருக்கு நெடுங்காலமாக 60 டொலருக்கு விற்கப்படுகின்றது. வேலை செய்யும் வசதிக்காகவும், கைக்கு இசைவாக இருப்பதற்காகவும், உடன் உழைப்போர் பயன்படுத்துவதற்காகவும் ஒரு மென்பொருளைத் தெரிவு செய்வது நியாயமான காரணம். களவாகப் பிரதி செய்ததை வாங்குவது மாத்திரம் எக்காரணத்தாலும் தகாது. அதனோடு கணினிக்கு நோயும் கூட வரும்.

பிள்ளைகளுக்குக் கூறுவது இது. மென்பொருளைத் திறந்தவுடன், அது உங்களுக்காக என்னென்ன செய்து வைத்திருக்கின்றது என்று முதலில் தேடிப் பாருங்கள். லிமிட்டர் இருக்கின்றதா? சுருதித் திருத்தம் இயங்குகின்றதா? தாளக் கட்டம் யார் வைத்தது? வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை நிறுத்துங்கள். சத்தத்தைக் கூட்டிக் கூட்டித் தவிலின் முழக்கத்தை நசுக்காதீர்கள். யூடியூப், ஸ்பொட்டிஃபை போன்றவை மிகையான சத்தத்தைத் தாமே இறக்கிவிடுவதால் அந்த நசுக்கலால் பயனுமில்லை. முடித்த பாட்டை நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரற் செய்தியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்; சுருங்காமல் போய்ச் சேரும்.

உங்கள் வீட்டில் தாலாட்டும் ஒப்பாரியும் பழைய கும்மியும் தெரிந்த பாட்டி ஒருவர் இருப்பாராயின், எந்த மென்பொருள் சிறந்தது என்ற வழக்குத் தீரும்வரை காத்திராதீர்கள். நாளை அதிகாலை, பேருந்துகள் ஓடத் தொடங்குமுன், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையிலுள்ள தொலைபேசியிலேயே அவர் குரலைப் பதிந்து வையுங்கள்.